கடல் தின்ற கல்

கிரேக்க நாட்டுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகனைத் தேடிப் போனேன். போன இடத்தில் கண்டதெல்லாம் இடிந்த கோயில்களும் மியூசியமும்தான். அதனால் பரிஸ் நகரத்தில், நம்மவர் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் என்னைத் தெரிந்தவர்கள், "அன்ரி கிறீஸ் எல்லாம் சுத்திப் பாத்தவா" என்று இன்றைக்கும் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. பார்த்தது உண்மைதான்.

மகன் கப்பல்காரன். ஊரில் எங்கள் கடற்கரைப் பக்கம் அந்தக் காலத்து இளந்தாரிகள் கிரேக்கக் கப்பல்களில் ஏறுவது வழக்கம். ஏதென்சுக்குப் பக்கத்தில் பிரேயஸ் என்றொரு துறைமுகம் இருக்கிறது. அங்கே பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்து, கப்பல் கிடைக்கும் வரை வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மியூசியத்துக்கும் பழைய கோயில்களுக்கும் டிக்கெட் காசு இல்லை. ஆகவே எல்லாரும் அங்கேதான் போவார்கள். குளிர்காலத்தில் மியூசியத்துக்குள் சூடாகவும் இருக்குமாம். மகன் எனக்கு எழுதிய கடிதங்களில் கப்பலைப் பற்றி இருப்பது கொஞ்சம், சிலைகளைப் பற்றி இருப்பதுதான் அதிகம். "அம்மா, இஞ்சை கடவுள்மாருக்கு உடுப்பும் இல்லை, அரைவாசிப் பேருக்கு மூக்கும் இல்லை. ஆனாலும் சனம் வரிசையிலை நிண்டு பாக்குது" என்று ஒருமுறை எழுதியிருந்தான்.

கலியாணம் கட்டி மூன்று மாதம் வீட்டில் நின்றான். பிறகு திரும்பவும் கப்பல். நாட்டு நிலைமை கெட்டபோது மனைவியைப் பரிஸுக்கு அனுப்பினான். அடுத்த கப்பலோடு தானும் பிரான்சில் இறங்கிவிடுவதாகச் சொல்லி, எனக்கும் வழி செய்தான். நான் வந்து இறங்கியது எண்பத்துநாலாம் ஆண்டு மாசி மாதம். விமான நிலையத்தில் மருமகள் மட்டும் நின்றாள். நெற்றியில் பெரிய பொட்டு. கண் இரண்டும் வீங்கியிருந்தன. குளிருக்கு அப்படி என்று நினைத்தேன்.

மருமகள் இப்போது பரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறாள். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ மாமி. ஆனா என்னைத் தெய்வமாக்கிப் போடாதேங்கோ" என்றாள்.

நான் வந்து இரண்டு மாதத்தில் கப்பல் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்பெயினுக்கு அப்பால் புயலில் கப்பல் மூழ்கிப் போனதாம். மகனைக் காணவில்லையாம். மருமகள் வாசித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"காணேல்லை எண்டோ எழுதியிருக்கு, செத்திட்டான் எண்டோ?"

"காணேல்லை எண்டுதான் மாமி."

"அப்ப சரி."

அந்த "அப்ப சரி"யைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் இருந்தேன். கடலில் காணாமற் போனவனுக்குப் பன்னிரண்டு வருடம் பார்ப்பது எங்கள் ஆட்களின் முறை. அதற்குப் பிறகும் வராவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஆள் உருவம் கட்டி, அதை எரித்து, காரியம் செய்வார்கள். அதுவரைக்கும் அவன் இருக்கிறவன். அவன் பெண்சாதி சுமங்கலி. இதில் என்னோடு ஒருவரும் வாதாட முடியாது. ரூ காய் என்ற தெருவில் சாமான் வாங்கப் போன இடத்தில் ஊர்க்காரி ஒருத்தி மெல்லக் கதை தொடங்கினாள்.

"பன்னிரண்டு வருசம் எண்டால் அந்தப் பிள்ளையின்ரை காலம் எல்லோ போயிடும், அக்கா. ஏதோ ஒரு முடிவு எடுத்தால் அவளுக்கும் ஒரு வழி பாக்கலாம்."

"என்ரை மகன் இருக்கேக்கை என்ரை மருமகளுக்கு மாப்பிள்ளை பாக்கிறியோ? உன்ரை மருமகள் வீட்டை விட்டுப் போய் எத்தினை மாசம்? முதல்லை அவளைத் தேடு" என்றேன். கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போவாள்.

புருசனுக்காகப் பெண்கள் பிடிக்கிற கேதார கௌரி விரதத்தை மருமகளைக் கொண்டு ஆண்டு தவறாமல் பிடிப்பித்தேன். இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாடு. அவள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தாள். வெறும் வயிற்றோடு கட்டில் கட்டிலாக விரிப்பு மாற்றிவிட்டு வந்து, கௌரிக் காப்பை இடது கையில் கட்டிக்கொள்வாள். ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் பொட்டு வைக்காமல் வேலைக்கு வெளிக்கிட்டாள். நாலு மாடி இறங்கிப் போனவளைக் கூப்பிட்டு, மேலே ஏற்றி, பொட்டு வைப்பித்து அனுப்பினேன். அவள் திரும்பவும் படியிறங்கி ஓடினாள். மெத்ரோ ரயில் தவறியிருக்கும்.

மூன்றாம் வருடம் ஊரிலிருக்கும் என் தங்கைக்கு எழுதி, மகனின் சாதகக் குறிப்பைச் சாத்திரியாரிடம் காட்டச் சொன்னேன். பதில் வந்தது. ஆள் இருக்கிறாராம். கடலுக்குப் பக்கத்தில், பெரிய பழங்கோயில்கள் சூழ்ந்த இடத்தில், வழி தெரியாமல் நிற்கிறாராம். எனக்கு உடனே பிடிபட்டது. அவன் கடிதங்களில் எழுதின கோயில்கள்தான். தலையில் அடிபட்டோ என்னவோ, தன்னை மறந்து, தெரிந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கிறான். ஞாயிற்றுக்கிழமையில் போனால் பிடிக்கலாம்.

இதைச் சொன்னபோது மருமகள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையை விரித்துத் திரும்பவும் மடித்தாள்.

"போவம் மாமி" என்றாள். "நான் கொன்ஷே கேக்கிறன்."

கொன்ஷே என்றால் லீவு. பத்து நாள் கொடுத்தார்கள். ரூ லூயி-பிளாங் தெருவில் டிக்கெட் போடுகிற கடையில் அவளே எல்லாம் பார்த்தாள். அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம் இருவருக்கும் இருந்தது. சித்திரை மாதக் கடைசியில் ஏதென்சில் போய் இறங்கினோம்.

அங்கே எங்களைக் கூட்டிப்போக வந்தவர் மகனோடு முந்திய கப்பலில் ஒன்றாய் நின்றவர். நாற்பது வயது இருக்கும். கடல் வேண்டாம் என்று இறங்கி, பிரேயஸில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்துகொண்டிருந்தார். வந்ததும் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், "அம்மா, முதல்லை கொம்பனிக்குப் போவமோ?" என்றார்.

"கொம்பனி காணேல்லை எண்டிட்டுது, தம்பி. காணுற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

முதல் நாள் அக்ரோபோலிஸ் மலைக்கு ஏறினோம். கல்லெல்லாம் சனம் நடந்து நடந்து வழுக்குகிறது. மேலே பெரிய தூண்கள் நிற்கின்றன, கூரை இல்லை. திருத்த வேலைக்கு இரும்புச் சாரம் கட்டியிருந்தார்கள்.

"மூலஸ்தானம் எது?" என்று கேட்டேன்.

"இந்த வெளிதான் அம்மா."

"சாமி எங்கை?"

"அது எப்பவோ போயிட்டுது. மிச்சத்திலை பாதி லண்டனிலை. கொஞ்சம் உங்கடை பரிஸிலையும் இருக்கு. நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை."

அவர் பகிடியாகச் சொன்னார். மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க நேரமில்லை. நான் கல்லைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன். தபாலட்டை விற்கிறவன், படம் பிடிக்கிறவன், நிழலில் படுத்துக் கிடக்கிறவன், ஒருவரையும் விடவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் ஒருவனின் பிடரி என் மகனின் பிடரியாகவே இருந்தது. பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்தேன். திரும்பினான். எகிப்துக்காரன் என்று பிறகு சொன்னார்கள். அவன் கோபப்படவில்லை. தன் போத்தலிலிருந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் தந்தான்.

அடுத்த நாள் பஸ்ஸில் சூனியோன் என்ற இடத்துக்குப் போனோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. உச்சியில் கடல் தெய்வத்தின் கோயில். வெள்ளைத் தூண்கள் மட்டும் நிற்கின்றன, சுற்றிவரக் கடல். சாத்திரியார் சொன்னது இந்த இடமேதான் என்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தத் தூண்களில் பழைய காலத்துக் கப்பல்காரரும் வந்து போனவர்களும் தங்கள் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு தூணில் எத்தனை பெயர்.

மகனும் வெட்டியிருப்பான் என்று எனக்குப் பட்டது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் என் மகனின் பெயரை எந்தக் கல்லிலும் வாசிப்பேன். கயிறு கட்டியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன். தூணைச் சுற்றிச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் தெரியாத எழுத்து. நம்முடைய எழுத்தின் வளைவு ஒன்றுகூட விரலில் படவில்லை. இரண்டாம் தூணுக்குப் போகும்போது காவற்காரன் விசில் ஊதினான். மூன்றாம் தூணிலும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். காவற்காரன் ஏசினான். அவனுக்கு விளங்காது என்று நானும் தமிழில் ஏசினேன்.

கப்பல்காரத் தம்பி காவற்காரனைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவன் எழுதேல்லை அம்மா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்கள் ஆறு பேர் வந்தனாங்கள். எல்லாரும் ஆணியாலை எங்கையாவது கீறினம். அவன் மாட்டன் எண்டிட்டான். கோயில் தூணிலை பேர் வெட்டினது அம்மா அறிஞ்சால் சூடு வைப்பா எண்டான். நாங்கள் எல்லாரும் அதுக்குச் சிரிச்சனாங்கள்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடச் சுவரில் கரியால் எழுதினதற்கு ஒருமுறை கையில் சூடு காட்டினேன். வைக்கவில்லை, காட்டினேன். அவ்வளவுதான். அதற்காக அவன் பெயர் இந்த உலகத்தில் ஒரு கல்லிலும் இல்லாமல் போய்விட்டதே என்று இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மருமகள் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் எதிர்பார்த்து வந்த நாள். விடியவே குளித்து, மகனுக்குப் பிடித்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, மியூசியம் திறக்க முதலே வாசலில் போய் நின்றேன். வருகிறவர்களை எல்லாம் பார்த்தேன். பத்து மணிக்குப் பிறகு சனம் கூடிவிட்டது. "உள்ளை போய்ப் பாப்பம், அம்மா. அவன் வழக்கமா நிக்கிற அறைகள் எனக்குத் தெரியும்" என்றார் தம்பி.

அவர்கள் அந்தச் சிலைகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்களாம். சுருட்டைத் தாடியோடு ஒருவர் நிற்கிறார். அவர் எங்கள் ஊர் அதிகாரி விதானையார். கை இரண்டும் இல்லாத ஒருவர், கொடுத்த கடனைத் திருப்பித் தராத சங்கக்கடை மனேச்சர். "உங்கடை மகன்தான் வைச்ச பேர் எல்லாம்" என்று சொல்ல வந்தவர், "மகன்" என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

இன்னோர் அறை முழுவதும் கல்லறைக் கற்கள். கதிரையில் ஒரு பெண் இருக்கிறாள். எதிரே ஒருவர் நின்று அவள் கையைப் பிடித்திருக்கிறார். கல்லுக்குக் கல் இதே மாதிரி. ஒருவர் இருக்க, ஒருவர் நிற்க, கையைப் பிடித்தபடி. யாருமே அழவில்லை. இதில் செத்தவர் யார், உயிரோடு இருக்கிறவர் யார் என்று கேட்டேன். தம்பிக்கும் தெரியவில்லை. மருமகள் அந்த அறையில் நிற்காமல் விறுவிறு என்று நடந்து அடுத்த பக்கம் போய்விட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் ஓர் உருவத்துக்கு முன்னால் நின்றாள். வெள்ளைக் கல்லில் ஓர் இளந்தாரி, கொஞ்சம் குனிந்தபடி. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நேற்றுச் செய்தது போல. விலா, தோள், தொடை எல்லாம் வழுவழுப்பாக இருந்தன. சுற்றி மறுபக்கம் போனேன். அந்தப் பக்கம் முகம் இல்லை. கை இல்லை. கறையான் தின்ற பலகை மாதிரித் துளை துளையாக, கன்னங்கரேல் என்று. ஆள் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு அருவருத்தது. "பின்னப்பட்ட உருவத்தை வைச்சிருக்கக் கூடாது. இது தெரியாதே இவைக்கு? கடலிலை கொண்டுபோய் விடவேணும்" என்றேன்.

மருமகள் என் பக்கம் திரும்பவில்லை.

"கடலுக்குள்ளை கிடந்ததைத்தான் மாமி எடுத்து வைச்சிருக்கினம்."

தம்பி பக்கத்திலிருந்த எழுத்தை வாசித்துச் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தச் சிலைகளை ஏற்றிக்கொண்டு போன கப்பல் ஒன்று மூழ்கியது. மணலுக்குள் புதைந்திருந்த பக்கம் அப்படியே இருக்கிறது. தண்ணீரில் கிடந்த பக்கத்தைக் கடற்பூச்சிகள் தின்றுவிட்டன. அவர் வாசித்து முடிக்கவில்லை, மருமகள் அந்தச் சிலைக்கு முன்னாலேயே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இனி என்னாலை ஏலாது, மாமி. அவரைக் கண்டவன் ஒருத்தன் இருக்கிறான்."

"ஆரை?"

"உங்கடை மகனை. அந்தக் கப்பலிலை இருந்து தப்பின ஒரு பிலிப்பைன்காரன். ரெண்டு பேரும் ஒரு பலகையிலை பிடிச்சுக்கொண்டு கிடந்தவையாம். இரா முழுக்க அவன் இவரின்ரை கையைப் பிடிச்சிருந்தவனாம். விடியக்காத்தாலை கை தானா விட்டிட்டுதாம்."

தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தார். அந்தப் பிலிப்பைன்காரன் பிரேயசுக்கு வந்து சொன்னதை அவர்தான் மருமகளுக்கு எழுதியவர். பிறகு, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று மருமகள் அவருக்கு எழுதினாளாம்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்கள் பரிஸிலை வந்து இறங்கிறதுக்குப் பதினைஞ்சு நாளைக்கு முதல்."

பெரிய பொட்டோடு விமான நிலையத்தில் நின்றவள்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் வெளியிலை வந்த உடனை, 'அவன் எங்கை? அவன்ரை முகத்தைப் பாக்கத்தான் இந்தக் குளிருக்குள்ளை வந்தனான்' எண்டியள். அண்டைக்கு வாய் வரேல்லை. நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டன். பிறகு கொம்பனிக் கடிதம் வந்து, நீங்கள் 'அப்ப சரி' எண்டியள். அதுக்குப் பிறகு எப்பிடி மாமி சொல்லுறது? இஞ்சை வந்து நீங்களா ஒண்டும் இல்லை எண்டு கண்டால், மனம் ஆறும் எண்டு நினைச்சன். முந்தநாள் ஆரின்ரையோ சட்டையைப் பிடிச்சியள். நேற்றுத் தூணைத் தடவினியள்."

சனம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த பெண் எழும்பி வந்தவள், மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் இருந்துகொண்டாள்.

நான் அழவில்லை. அழுகை வரவில்லை, வெட்கம் வந்தது. என் வயதில் எனக்கு வெட்கம் பழக்கமில்லை. மூன்று வருடம் புருசன் இல்லாத பெண்ணைக் கௌரி விரதம் பிடிப்பித்திருக்கிறேன். பட்டினி போட்டு வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். பொட்டு வைக்காமல் போனவளை நாலு மாடி ஏற வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவள் கண்ணாடிக்கு முன்னால் எனக்காகச் சுமங்கலியாகியிருக்கிறாள். மகனை நான்தான் காவல் காக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவள் என்னைக் காவல் காத்திருக்கிறாள்.

குனிந்து அவளைக் கைபிடித்து எழுப்பினேன். "எழும்பு பிள்ளை. வீட்டை போவம்" என்று மட்டும் சொன்னேன்.

மிச்ச நாட்கள் எங்கும் போகவில்லை. அறையிலேயே இருந்தோம். தம்பி கடையிலிருந்து சோறு சமைத்துக் கொண்டுவருவார்.

பரிஸுக்கு வந்த அடுத்த நாள் காலை. மருமகள் எழும்பி, முகம் கழுவி, பழக்கத்தில் பொட்டுப் பெட்டியை எடுத்தாள். "வேண்டாம் பிள்ளை" என்றேன். விளக்கை ஏற்றி வைத்தேன். தாலியை நான் தொடவில்லை. அது அவளுடைய கழுத்து, அவளுடைய எண்ணம். என் கொண்டையை அவிழ்த்தேன். பிறகு அவளைக் கிட்ட இருத்தி அவள் பின்னலையும் அவிழ்த்துவிட்டேன்.

"பன்னிரண்டு வருசம், மாமி?" என்றாள்.

"போதும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னது விளங்கியதும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று வருடமாகக் குளிக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதவள் என்று பிறகுதான் சொன்னாள். அன்றைக்குத் தண்ணீர்ச் சத்தம் இல்லை. என் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லி, வாய்விட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் பொறுத்துக்கொண்டேன். பெற்றவளுக்குத்தான் முதல் அழுகை என்பார்கள். அன்றைக்கு அது அவளுக்கு.

கதவைத் தட்டினார்கள். கீழ் மாடியில் ஒரு புதுச்சேரிக்காரர் இருந்தார், பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் பிஜாமாவோடு மூச்சு வாங்க நின்றார்.

"என்னம்மா, என்ன ஆச்சு? பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா? மெத்சேன், டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம் ஐயா. செத்தவீடு."

"ஐயோ. யாரு?"

"என்ரை மகன்."

"எப்போ தவறினாரு?"

"மூண்டு வருசம் ஐயா" என்றேன்.

அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் நிலத்தில் இருந்தார்.